முப்பது வரை எண்ணவும்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குப் பின்னால்
ரெண்டாவது மாடி.
கீழே தட்டுவடை செட் கடை.
பீட்ரூட் துருவுகிற சத்தத்துக்கு மேலே உட்கார்ந்து
எந்திரம் பேச வேண்டியதை நான் எழுதினேன்.
பதிலுக்கு ஆறு ரூபாய்.

நெட் வரவில்லை என்பவர்க்கு:
'உங்கள் கேள்விக்கு நன்றி.
அது எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.'
சிவப்பு விளக்கு எரிகிறது என்பவர்க்கு:
'வயரைப் பிடுங்கி முப்பது வரை எண்ணவும்.
வேகமாக எண்ணினால் பெட்டிக்குத் தெரிந்துவிடும்.'
திட்டுபவர்க்கு:
'தங்கள் சொற்கள் உரிய துறைக்கு அனுப்பப்பட்டன.'
அப்படி ஒரு துறை இல்லை.
மேனேஜர் தேவசகாயம் சிரிக்காமல் படித்து
'மரியாதையா இருக்கு, போடு' என்றார்.

ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்.
எஸ்டேட் கிளார்க் ஜெரோம்
வாரத்துக்கு மூன்று தடவை எழுதுவார்.
எந்திரத்தைத் தம்பி என்பார்.

'தம்பி, காட்டுமாடு வந்து
கம்பத்துல முதுகு சொறியுது. லைன் போச்சு.'

'மாடு என்ற மாடல் எங்கள் பட்டியலில் இல்லை.
அடிப்பக்கம் பார்த்துச் சரியான எண்ணை அனுப்பவும்.'

'அடிப்பக்கம் பாக்க விடுற மாடு இல்லப்பா அது.'

'மிக்க மகிழ்ச்சி!
எங்களுக்கு எத்தனை நட்சத்திரம்?'

'மூடுபனி. ஒண்ணுகூடத் தெரியல.'

சனிக்கிழமைகளில்
இந்த உரையாடல்களைத் திருத்துவதும் என் வேலைதான்.
டப்பாவில் எலுமிச்சை சோறு ஆறிக்கொண்டிருக்க
திருத்தாமல் இரண்டு முறை படித்தேன்.

ஆடிக் காற்றில் ஒரு ராத்திரி, மணி இரண்டு பத்து:
'தம்பி, நீ சொன்ன மாதிரியே எண்ணுனேன்.
இருபத்தெட்டுலயே பச்சை வந்துருச்சு.
காப்பிக் கணக்கு பூரா அனுப்பியாச்சு.
மீதி ரெண்டை என்ன செய்ய?'

'மன்னிக்கவும், புரியவில்லை.
வயரைப் பிடுங்கி முப்பது வரை எண்ணவும்.'

பிடுங்கியிருக்கிறார் மனுஷன்.
அதற்கப்புறம் நாலு நாள்
நாகலூரிலிருந்து ஒரு எழுத்தும் இல்லை.

நானூற்றுப் பதின்மூன்றாவது பதிலை
அன்றைக்குச் சேர்த்தேன்.
'ஊர்ல ஒருத்தர் கேக்குற கேள்வி,
இதுக்கெல்லாம் காசு வராதும்மா'
என்றார் தேவசகாயம்.
வராவிட்டால் போகிறது.

கேள்வி: மீதி இரண்டு.
பதில்: 'வைத்துக்கொள்ளுங்கள்.
மாடு மறுபடி வரும்.'