சொல்லடைவு

ஒத்திலியா பெஸ்ஸாவின் நான்கு நூல்களிலும்
கடைசிப் பக்கங்கள் என்னுடையவை.
சொல்லடைவு போடுகிறவன் நான்.
எங்களை யாரும் வாசிப்பதில்லை,
தன் பெயர் இருக்கிறதா என்று
விரல் ஓட்டுவதோடு சரி.

முதல் நூல் போர்ட்டோ நகரத்து ஆயர் ஃப்ருத்துவோசு.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
வைப்பாட்டி, வழக்கு, தேவாலய மணியை விற்ற பணம்,
ஒத்திலியா எதையும் விடவில்லை.
ஆயரின் சாயம் வெளுத்தது என்று
லிஸ்பன் நாளேடுகள் எழுதின.
பரிசு வந்தது, பல்கலைக்கழகத்தில் நாற்காலி வந்தது.
மறைமாவட்டம் தன் ஆவணக் காப்பகத்தில்
ஹீட்டரை மட்டும் அணைத்துவிட்டது.

கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
இரண்டாவதை எழுதினார்: மது வணிகர் லெமோஸ்.
பேரன்கள் வழக்குப் போட்டார்கள்.
"செத்தவருக்கு மானம் ஏது, சொத்துதான் இருக்கிறது"
என்றார், நீதிமன்றப் படியில்
குடையை உதறியபடி.

மூன்றாவது சுமார். அவரே சொன்னார்.
யாரோ ஒரு சுங்க அதிகாரி.
"அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று,
அங்கேதான் கெட்டது."

பிறகு பதினோரு வருடம் ஒன்றுமில்லை.
ஆற்றோரம், மீன்கடை மாடியில்,
ஒரே வரியை வைத்துக்கொண்டிருந்தார்.
ஆயரின் கணக்குப் புத்தகத்திலிருந்து
முதல் நூலின் அடிக்குறிப்பு எண்பத்தொன்பதுக்கு வந்து
நாங்கள் இருவரும் தாண்டிப்போன வரி:
சலவைக்காரி எஃபிஜேனியா. மூன்று வாரம் பாக்கி.
அதற்கடுத்த பதிவு
ஆயரின் சவப்பெட்டிச் செலவு.

"சாயம் வெளுத்ததைப் பார்த்தோம்," என்றார்,
"வெளுத்தவளைப் பார்க்கவில்லை."

கிடைத்தது இவ்வளவுதான்.
ஞானஸ்நானப் பதிவேட்டில் அரை வரி,
மீதி பூச்சிக்குப் போயிற்று.
துவைக்கும் கல்தொட்டியருகே சண்டை போட்டதற்கு
ஓர் அபராதச் சீட்டு. அதன் அடியில்
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
பெருக்கல் குறி, ஒரு கால் நீண்டு, மை தெறித்து.
அடைவில் 'கோபம்' என்று சேர்க்கட்டுமா என்றேன்.
"உனக்கெப்படித் தெரியும்?
பேனா பழக்கமில்லாத கையாக இருக்கும்.
அதையும் சேர்க்காதே."

எழுபத்தாறு பக்கம்.
'இருந்திருக்கலாம்' என்ற சொல்
ஓரிடத்திலும் கிடையாது, தேடிப் பார்த்தேன்.
தெரியாத வருடங்களுக்கு
வெள்ளைத் தாளாகவே விட்டார்.
பதிப்பாளர் காகித விலையைப் பேசினார்.

மூன்று வாரக் கூலியை
இன்றைய பணத்துக்கு மாற்றி, வட்டி சேர்க்காமல்,
மறைமாவட்டத்துக்குக் கடிதமும் போட்டார்.
ஏழு மாதம் கழித்துப் பதில்:
தங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.
அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார்.
போன மார்ச்சில், வீட்டைக் காலி செய்த அன்று,
அது அங்கேயே இருந்தது.
இரங்கல் குறிப்புகள் எல்லாம்
ஆயரில்தான் ஆரம்பித்தன.

எங்கள் தொழிலில் ஒரு பிழை
மன்னிக்கப்படுவதில்லை:
வாசகனை வட்டமாகச் சுற்றவிடுவது.
நான்காம் நூலுக்கு
அதைத்தான் செய்யச் சொன்னார்.
முப்பது வருடப் பெயர் கெடும் என்றேன்.
கெடட்டும் என்றார். செய்தேன்.

ஆயர்: பார்க்க, கடன்.
கடன்: பார்க்க, ஆயர்.