சங்குக்குப் போன கம்பி

சுங்கை லெம்பா தோட்டத்துக் கிளப்பை
உணவகமாக்கப் போகிறார்கள்.
பழைய கம்பிகளை உருவிப் புதுசு இழுக்க
எனக்கும் கோக் வாவுக்கும் ஒன்பது நாள் வேலை.
வெள்ளைக்கார உறுப்பினர்களுக்கு மட்டும் என்று
வாசல் கண்ணாடியில் இன்னும் தெரிகிறது.
துடைத்துவிடாதீர்கள் என்றார் முதலாளி,
வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்களாம்.

எனக்கு எழுத்தைவிடக் கம்பி நன்றாகப் புரியும்.
கூரைக்குள் ஏறி, வௌவால் புழுக்கையில் மண்டியிட்டு,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி பார்த்தால்
பலகையிலிருந்து மூன்று வழி பிரிகிறது.

முதல் வழி என் சுண்டுவிரல் கனம்.
பில்லியர்ட்ஸ் மேசைமேல் ஆறு விளக்கு,
ஐஸ் பெட்டி, விசிறி, தொட்டிக்கு வெந்நீர்,
மேட்டு பங்களாவுக்கு ஒரு கிளை.
அங்கே துரையின் நாய்க்கொட்டகைக்கும்
தனியாக ஒரு பல்ப்.

இரண்டாவது சணல் அளவுதான்.
கிராணிமார் குவார்ட்டர்ஸ், வீட்டுக்கு இரண்டு விளக்கு.
அணைக்கிற சுவிட்ச் அவர்கள் வீட்டில் இல்லை,
இங்கே இருக்கிறது, பாட்டில் அலமாரிக்குப் பக்கத்தில்.

மூன்றாவதைப் பார்த்ததும் திக்கென்றது.
ஈயம் போர்த்தியது, நல்ல கனம்,
லயத்துப் பக்கம் போகிறது.
நான் பிறந்த பிறகுதான் வீட்டில் பல்ப் எரிந்தது,
அதுவரை மண்ணெண்ணெய்ப் புகையில்
மூக்கு கறுத்துக் கிடந்தோம் என்பார்களே,
அது பொய்யா?

இறங்கி, செம்பனை வரிசைக்குள்
கம்பி போன திக்கில் நடந்தேன்.
ஒரு கம்பம். இன்னொரு கம்பம். அப்புறம் வெறும் அடிக்கட்டை.
லயம் இருந்த இடத்தில் உரமூட்டைக் கொட்டகை.
பெரட்டுக் களத்தில் துருவேறிய தூண்,
அதன் உச்சியில் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த வாய்.

சங்கு.

ஆக, லயத்துக்கும் மின்சாரம் வந்திருக்கிறது.
விடியுமுன் நாலரைக்கு, அரை நிமிடம்,
எழுப்ப.
எழுந்தவர்கள் கத்தியையும் வாளியையும்
இருட்டில் தடவித்தான் எடுத்திருக்கிறார்கள்.
அந்தக் கம்பி இன்னும் நூறு விளக்கு தாங்கும்.
சிமெண்ட்டுப் பையின் பின்புறம் கணக்குப் போட்டேன்,
இரண்டு தரம்.
தாங்கும்.

தேநீர் நேரத்தில் கோக் வாவிடம் சொன்னேன்.
பிஸ்கட் கோப்பைக்குள் ஒடிந்து விழுந்தது, அவன் எடுக்கவில்லை.
எங்களுக்கு விளக்கு இருந்துச்சு, என்றான்,
பாதி மலாய், பாதி தமிழ்.
லாரியில் ஏற்றிப் புதுக்கிராமத்தில் இறக்கிய வருஷம்
அவன் அம்மாவுக்கு ஆறு வயது.
முள்வேலி நெடுக விளக்கு, ராத்திரி முழுக்க.
முகத்தில் துணி போட்டுத் தூங்கப் பழகினாளாம்.
இப்போதும் அப்படித்தான் தூங்குகிறாள்,
எழுபதைத் தாண்டியும்.

மத்தியானம் குத்தகைப் பாரம் நிரப்பினேன்.
பூங்காவனம் த/பெ அங்கமுத்து. உரிமம் எண். இனம்.
மலாய், சீனர், இந்தியர்,
கடைசிக் கட்டம் லாயின்-லாயின்.
மற்றவர்கள் என்று அர்த்தம்,
என் காதில் விழுவது லயன், லயன்.
கம்பி இழுக்க இனம் எதற்கு என்று
ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.
கை பழகிப்போச்சு,
நான் யோசிக்குமுன் கட்டத்தில் கோடு போட்டுவிட்டது.

முதலாளிக்குச் சங்கு வேண்டுமாம்,
கல்லாவுக்குப் பின்னால் தொங்கவிட.
சத்தம் வருமா என்று கேட்கிறார்.
வரும் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் பழைய இணைப்புகளை வரைபடத்தில் குறித்தேன்.
ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் எழுத வேண்டும், அது விதி.
மூன்றாவது கோட்டில் எழுதினேன்:
லயத்துக்கு. சங்கு மட்டும். விளக்கு இல்லை.

கோக் வா பென்சிலை வாங்கினான்.
தாளின் ஓரத்தில், கட்டடத்துக்கு வெகு வெளியே,
சின்னச் சின்னதாய் வட்டங்கள் போட்டுக்கொண்டே போனான்.
இந்தப் பலகையில் அது இல்லையே என்றேன்.
தெரியும் என்றான்.
எந்தப் பக்கம் பார்த்து எரியும், என்று கேட்டேன்.

ஒவ்வொரு வட்டத்திலிருந்தும்
அம்பு போட்டான், உள்பக்கமாக.