ஒரு விரற்கடை

டனீடினில் தெருக்கள் படுப்பதில்லை,
சாய்ந்துதான் நிற்கும்.
எங்கள் வீட்டுச் சரிவோ தெருவையே மிஞ்சியது.
அடியில் ஒரு பள்ளம், உச்சியில் ஒரு முதுகு,
நடுவில் நாற்பது அடி சிமெண்ட்.
தபால்காரி கடிதங்களைக் கீழேயே வைத்து
மேலே ஒரு கல்லை ஏற்றிவிட்டுப் போவாள்.

நான் வாங்கியிருந்ததோ
தரையைத் தடவிக்கொண்டு போகும் சிவப்பு மாஸ்டா.
இரண்டே இருக்கை.
முதல்முறை உள்ளே உட்கார்ந்தபோது
குளியல் தொட்டிக்குள் இறங்குவது போலிருக்கிறது
என்றாள் எய்ல்சா.

பள்ளத்தில் மூக்கு உரசும்.
அதற்குத் தப்பினால்
முதுகில் அடிவயிறு உரசும்.
கர்ர்ர் என்று நீளும் அந்தச் சத்தம் கேட்டு
எதிர்வீட்டு விலியாமி
சமையலறை ஜன்னலைத் திறந்து
"வந்தாச்சா?" என்பான்.

செய்யாத வைத்தியம் இல்லை.
நேராக ஏறினேன்.
கோணலாக ஏறினேன், ஒரு சக்கரம் முதலில்,
மறு சக்கரம் பிறகு, நண்டு கரையேறுவதுபோல.
பலகை போட்டேன்; மழையில் ஊறிப் பிளந்தது.
ரப்பர் ஆப்பு வைத்தேன்; குப்பை வண்டி இழுத்துப் போயிற்று.
நகராட்சிக்கு எழுதினேன்.
விளிம்புக்கல் எங்களுடையது, கார் உங்களுடையது
என்று பதில் வந்தது,
மிகுந்த பணிவோடு.

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் எய்ல்சாதான்.
மழை இரவு. ஏதோ கோபம்.
என் அக்காவின் கல்யாணத்தைப் பற்றியோ,
ஜன்னல் திரையின் நிறத்தைப் பற்றியோ.
சரிவின் அடியில் கதவைத் திறந்து இறங்கியவள்
நனைந்துகொண்டே நடந்து ஏறினாள்.
பின்னாலேயே நான் ஓட்டினேன்.
உரசவில்லை.
அவள் எடை இல்லாமல்
ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது கார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது.
அவள் இறங்குவாள், நான் ஏறுவேன்.
காய்கறிப் பையோடும்,
ஜூலைக் குளிரில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டும்,
ஒருமுறை கணுக்காலில் கட்டோடும்.
இரண்டு வருடம்.
"வேறு கார் பார்க்கலாமே" என்றாள் ஒருநாள்.
நான் குனிந்து
பம்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கார் சத்தமில்லாமல் ஏறுகிறது.
தெருமுனையிலிருந்து கராஜ் வரை
ஒரு கீறல் ஒலி கிடையாது.
"சரிவைச் சரி பண்ணிவிட்டாயா?"
என்று கேட்டான் விலியாமி.
ஆமாம் என்றேன்.

சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடலாமென்று
சனிக்கிழமை கடைக்குப் போய்
சிமெண்ட் கலவை வாங்கினேன்.
மூன்று மூட்டை, ஒவ்வொன்றும் இருபது கிலோ.
டிக்கியில் ஒன்றுகூட ஒழுங்காக அடங்கவில்லை.
பக்கத்து இருக்கையில் அடுக்கினேன்.
பெல்ட் போடச் சொல்லிக் கார் கூவியது.
போட்டுவிட்டேன்.

பள்ளத்தில் மூக்கு.
கர்ர்ர்.

எதிரே ஜன்னல் திறந்தது.
"வந்தாச்..."
விலியாமி என் பக்கத்து இருக்கையைப் பார்த்தான்.
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு
ஜன்னலை மெல்ல மூடினான்.

பின்னால் உருட்டி, தெருவோரம் நிறுத்தி,
கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன்.
ஈரம் படாமல் வைக்கவும்
என்று மூட்டையில் அச்சிட்டிருந்தது.
தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

ஒவ்வொன்றாகத் தோளில் போட்டு நடந்தேன்.
இந்தச் சரிவை நான் நடந்து ஏறியதே இல்லை.
முதல் நடையில் வழுக்கியது, முழுக்கப் பாசி.
பிடித்துக்கொள்ள ஒரு வேலிகூட இல்லை.
இரண்டாவது நடையில் பாதியில் நின்று
மூச்சு வாங்கினேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது:
இடது ஓரத்தில், ஓரடி அகலத்தில்,
கீழிருந்து மேல்வரை
பாசி பிடிக்காத வெளுத்த தடம்.
விளிம்புகளில் பச்சை
இப்போதுதான் ஊர்ந்து வரத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது மூட்டையை
அந்தத் தடத்தின் வழியே கொண்டுபோனேன்.
வழுக்கவில்லை.