ஒட்டுசுட்டான் சங்கத்துக்கு, கொள்வனவு பற்றி

மாங்குளம் சந்தியில் பஸ் மாறி ஏறியதும்
பையைத் திறந்து ஒருமுறை பார்ப்பேன்:
மூன்று கொம்பனிகளின் விலைமனு,
மடிகணினி, திருப்புளி, பாதி பிஸ்கட்,
எறும்புப் பவுடர்.
கடைசிச் சாமான் எந்தப் பட்டப்படிப்பிலும் இல்லை.
இந்தப் பக்கம் றூட்டரின் முதல் எதிரி
கடவுச்சொல் திருடுபவன் அல்ல,
சூடு தேடி முட்டையோடு குடிவரும் சிற்றெறும்பு.

தலைவருக்கும் குழுவினருக்கும்,
கேட்டீர்கள், எழுதுகிறேன்.

நீல லோகோக்காரரின் சேவர் நல்லது.
கொழும்பில் நல்லது.
அது குளிரூட்டிய அறை கேட்கும்.
உங்கள் களஞ்சியத்தில் குளிர்ச்சி
நெல்மூட்டைக்கு அடியில் மட்டும்;
அங்கே ஏற்கெனவே ஒரு சாரை இருக்கிறது.

பிறின்டர்.
அவர்கள் விற்பது மை.
பிறின்டர் அதன் தூண்டில்.
சிவப்பு முடிந்துவிட்டதென்று
கறுப்பில் பற்றுச்சீட்டு அடிக்க மறுக்கும் பொருளை
நான் பொருளென்று சொல்லமாட்டேன்.
மூலையில் கிடக்கும் பழைய ஊசி பிறின்டரை வைத்திருங்கள்.
கன்றைப் பிரிந்த மாடாய்க் கத்தும்.
கத்திக் கத்தி அடித்துத் தரும்.

விரலடையாள இயந்திரத்தைத் திருப்பி அனுப்புங்கள்.
கச்சான் உடைத்து உடைத்து
ஜெயசீலியின் பெருவிரலில் கோடுகளே இல்லை.
பதினொரு தரம் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது.
பன்னிரண்டாம் தரம் அவ அதைப் பார்த்து
"இனி நீ முயற்சி செய்" என்றா.
இதைவிட நல்ல மதிப்பீட்டை என்னால் எழுத ஏலாது.

இன்வேட்டர் வாங்கலாம். பச்சைப் பெட்டி.
அதில் எனக்கு நான்கு வீதம் கொமிசன் உண்டு.
சொல்லிவிட்டேன். ஆனாலும் வாங்கலாம்.

தலைவரின் மருமகன் கனடாவிலிருந்து கொண்டுவந்த
மடக்குப் போன் பற்றியும் கேட்டிருந்தீர்கள்.
அழகு.
அளம்பில் கடற்கரைக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள்,
பிணைச்சலுக்குள் மணல் போகட்டும்,
பிறகு கதைப்போம்.

செயற்கை நுண்ணறிவு செயலிக்கு
தத்தி அடித்த பயிரின் படம் அனுப்பினேன்.
தமிழில் பதில் வந்தது:
'அன்பான பயனரே, உங்கள் ஆலையை
நிழலான இடத்துக்கு நகர்த்தவும்.'
அரிசி ஆலைக்காரர் கமலாகரனிடம் காட்டினேன்.
எந்தப் பக்கத்தால் தூக்குவதென்று கேட்டார்.

இனி, கிளவுட்.
விற்பனையாளர் ஹர்ஷன் நல்ல பெடியன்,
சப்பாத்தில் சேறு பட்டும் முகம் சுளிக்கவில்லை.
'அனர்த்த மீட்பு' என்று எழுதிய திரைக்கு முன் நின்று
பிரதி எடுப்பது ஏன் அவசியமென்று
வன்னியில் விளக்கினான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
கணக்காளர் சுகிர்தமலர் மட்டும் பேனையை மூடினா.

"அந்த வருசம் பங்குப் பேரேட்டை
ரெண்டு தரம் கையாலை பார்த்து எழுதினனான்.
ஒண்டை யூரியாப் பையிலை சுத்தித் தாட்டது.
மற்றதை அவர் கொண்டுபோனவர்."

எது கிடைத்தது என்று கேட்டான் ஹர்ஷன்.
உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டான்.

"தாட்டது."

மின்விசிறி சுற்றியது.
திரையில் பதினான்காம் படம் தானாக மாறியது:
கைகுலுக்கும் இரண்டு கைகள்.

ஆகவே என் பரிந்துரை:
மலிவான கிளவுட் போதும், ஆண்டுக் கட்டணம்,
மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.
மாதம் ஒருதரம் பிரதியைத் திறந்து பாருங்கள்;
திறந்து பாராத பிரதி வெறும் நம்பிக்கை.
வெள்ளி தோறும் ஒரு வன்தட்டு
சுகிர்தமலரின் கையில் போகட்டும்.

'வைக்கும் இடம்' என்ற கட்டத்தை
நான் நிரப்பவில்லை.
கேட்டேன். "அது எனக்குத் தெரியும்" என்றா.

என் கட்டணம் தனித்தாளில் உள்ளது.
பஸ் காசு வேண்டாம்.
எறும்புப் பவுடரை அலுமாரிக்குமேல் விட்டு வந்திருக்கிறேன்.