எந்த அடுக்கு

ஹூஸ்டன் கடைக்காரன் போனில் கேட்டான்:
வெர்லீன் பப்பியோன் இசைத்தட்டை
எந்த அடுக்கில் வைப்பது,
ப்ளூஸா, கன்ட்ரியா, சோலா, சர்ச்சா?
அவள் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள்.
நெற்றியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.
"வாசலோரம் வைக்கச் சொல்,
திருடுகிறவனுக்கு வசதி."
அப்படியே சொன்னேன்.

பத்தொன்பது வருடம் அவளுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவன்,
வண்டி ஓட்டியவன்,
வசூலில் எப்போதும் பதினோரு டாலர்
கணக்குத் தவறியவன்.
இதைச் சொல்ல எனக்கு அவ்வளவுதான் தகுதி.

பிறந்தது லூசியானா, ஓப்பலூசாஸுக்குத் தெற்கே,
நெல்லும் இறாலும் ஒரே தண்ணீரில் விளைகிற இடம்.
சனிக்கிழமையானால் கட்டில் மேஜையெல்லாம் வெளியே போட்டுவிட்டு
வீட்டுக்குள் ஆடுவார்களாம்.
ஏழு வயதில் மூலையில் நின்று
விடிய விடிய பிடில் இழுக்க வேண்டும்.
பாரிஸிலிருந்து வந்த பேட்டிக்காரி கண் கலங்கி,
அங்கிருந்து என்னவெல்லாம் நினைவிருக்கிறது என்றாள்.
"கொசு" என்றாள் வெர்லீன்.
பேட்டி முடிந்தது.

பியூமாண்ட் கதையை மட்டும் மேடையில் சொன்னதில்லை.
அறுபத்து நான்கு. வெள்ளைக்காரர் மதுக்கூடம்.
கன்ட்ரி குழுவின் பிடில்காரன் கை முறிந்து கிடந்தான்.
முதலாளிக்கு இவள் வாசிப்பு வேண்டும்,
முகம் வேண்டாம்.
திரைக்குப் பின்னால் பீர்ப் பெட்டிமேல் உட்காரவைத்தார்கள்.
முன்னால் லைல் என்று ஒரு பையன்,
வில்லில் சோப்பு தடவி
சத்தமில்லாமல் அசைத்துக்கொண்டு நிற்பான்.
எட்டு டாலர் அவளுக்கு. அவனுக்குப் பன்னிரண்டு,
கைதட்டல் தனி.
ஆறாவது வாரம் ஒரு வால்ட்ஸின் நடுவில்
சும்மா
நிறுத்திவிட்டாள்.
ஆடியவர்கள் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.
அவன் கை போய்க்கொண்டே இருந்தது.

பின்கதவு வழியாக வந்து ஹூஸ்டன் பஸ் ஏறினாள்.
ஸ்டூடியோவில் காதல் பாட்டுக்குத்
தேன் மாதிரி வயலின் கேட்டார்கள்.
இவள் தேனில் ஒரு கீறல் போட்டாள்.
ஒலிப்பதிவாளன் அழித்தான், போட்டாள், அழித்தான்.
பாட்டு தேய்ந்து மறைகிற இடத்தில்
எட்டு விநாடி தப்பிவிட்டது.
டெட்ராய்ட்டிலிருந்து ஒருவன் கூப்பிட்டு
அந்த எட்டு விநாடி யார் என்றான்.
வேன் வாங்கியது அவன் தந்த பணத்தில்தான்.

கறுப்பர் வானொலி, இது வெள்ளை இசை என்றது.
வெள்ளையர் வானொலி எதுவும் சொல்லவில்லை,
தட்டைத் திருப்பி அனுப்பியது,
தபால் செலவு எங்கள் தலையில்.
பாஸ்டர் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார்:
ஞாயிறு காலை ஆராதனையில்
சனி இரவு வாடை அடிக்கிறது.
"ஒரே கைதானே பாஸ்டர்.
நடுவில் கழுவினேன்."

நவம்பரில் நார்வே. ஒருவருக்கொருவர் பாஷை தெரியாது.
குன்வோர் என்ற தச்சுக்காரி தன் பிடிலைக் கொடுத்தாள்.
நரம்புகளுக்கு அடியில் இன்னொரு வரிசை நரம்பு,
அதை யாரும் தொடுவதில்லை.
மேலே வாசித்தால் கீழே அது தானாக முனகும்.
வெர்லீன் வாசிக்கவில்லை.
மரத்தில் காதை வைத்துக்கொண்டு
குன்வோரை ஒரு இழுப்பு இழுக்கச் சொன்னாள், சைகையில்.
மறுபடியும்.
மறுபடியும்.
அடுப்பில் ரொட்டி கருகியது.
திரும்பும் படகில் கேட்டாள்,
"அந்த அடி நரம்பு எங்கே இருக்கிறது தெரியுமா?"
தெரியாது என்றேன்.
"பியூமாண்ட்டில்."
அன்றுதான் அந்தக் கதை முழுதும் சொன்னாள்,
குளிரில் மூக்கு ஒழுக, கோபமே இல்லாமல்.

லஃபாயெட், தொண்ணூற்றொன்று, நல்ல மழை.
தட்டு விற்கிற மேஜைக்கு ஒரு வழுக்கைத் தலை வந்தது.
நான்கு எடுத்தான். கையெழுத்து கேட்டான்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.
எழுதினாள்:
லைலுக்கு. கை நின்றதா?

அவன் படித்தான். மறுபடி படித்தான்.
ஈரமான நோட்டுகளை மடித்தபடியே வைத்துவிட்டு
மீதி வாங்காமல் மழைக்குள் போனான்.

எண்ணிப் பார்த்தேன், நிறையவே அதிகம்.
எவ்வளவு என்று
அவளிடம் சொல்லவில்லை.