தொண்ணூறு ஆம்பியர்

செத்தது ஒரு செம்மறி, அவ்வளவுதான் என்று
அறிக்கையின் முதல் வரியில் எழுதினேன்.
பிறகு 'அவ்வளவுதான்' என்பதை அடித்தேன்.

ஃபாரோவின் தெற்குத் தீவு.
பிப்ரவரி, இரவு ஏழு நாற்பத்திரண்டு.
இரண்டு கம்பிகள் பின்னிக்கொண்டு
ஈரப்புல்லில் விழுந்தன.
விழுந்த பின்னும் உயிரோடிருந்தன
பதினோரு நிமிடம்.

ஆட்டுக்காரர் பிராண்டூர்
இழப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடவில்லை.
"காதைப் பார், என் வெட்டுக்குறி.
என் மகனும் அந்த வேலியைத் தாண்டித்தான்
பந்து எடுக்கப் போவான்.
உங்கள் பெட்டி என்ன செய்துகொண்டிருந்தது?"

விழித்துத்தான் இருந்தது, பிராண்டூர்.
அதன் பதிவை
மில்லி நொடி மில்லி நொடியாகப் படித்துவிட்டேன்.
அலறலுக்காகக் காத்திருந்தது.

டீசல் என்ஜின்களின் காலத்தில்
கம்பிகள் உரசினால் தீவே ஊளையிடும்:
அறுநூறு ஆம்பியர், எழுநூறு.
அழுத பிள்ளைக்கே பால் என்று
அந்த ரிலேவுக்குச் சொல்லிவைத்தது நாங்கள்தான்.
மௌனம் சம்மதம் என்றும்.

அன்றிரவு நல்ல காற்று.
டீசலை நிறுத்திவிட்டு
காற்றாலைகளும் பேட்டரியும் மட்டும்
தீவைத் தூக்கிக்கொண்டிருந்தன.
பெருமையாக இருந்தது, மறுக்கவில்லை,
திரையில் பச்சை எண் நூறைத் தொட்டபோது
படம்கூட எடுத்தேன்.

இன்வெர்ட்டர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்பவை.
தன் சிலிக்கான் சுடாத அளவுக்கே கொடுக்கும்,
எவர் வீட்டில் இழவு விழுந்தாலும்.
அன்று அவை கொடுத்தது தொண்ணூறு.
மீன் ஆலை தன் குளிர்ப்பெட்டிகளை எல்லாம்
ஒருசேர ஓட்டும்போது இழுப்பது எண்பத்தாறு.

நான்கு ஆம்பியர்.
சாவுக்கும் சால்மனுக்கும் நடுவில்
எனக்கு விடப்பட்ட இடம் அது.

எண்ணைக் குறைத்தேன். எண்பத்தெட்டு.
பன்னிரண்டாம் நாள் ஆலையில் புதிய கம்ப்ரசர்
தொண்டையைச் செருமியது,
பாதித் தீவு இருண்டது.
பல் மருத்துவர் ஒருவர்
கைபேசி வெளிச்சத்தில் தையல் போட்டாராம்.
ஆலையின் இரவு மேலாளர் மார்ஜுன் கூப்பிட்டாள்:
"அன்று செவிடு. இன்று பயந்தாங்கொள்ளி.
நடுவில் ஒன்று உங்களிடம் கிடையாதா?"

கிடையாது என்று சொல்ல வாய் வரவில்லை.

கோடையில் கப்பலில் வந்தது ஒரு சக்கரம்,
பல டன் இரும்பு.
அது மின்சாரம் தராது. கொஞ்சம் தின்னும்.
சும்மா சுற்றும், இரவும் பகலும்.
கணக்கர் ஹேயின் கேட்டார்,
"சும்மா சுற்றுவதற்கா இவ்வளவு பணம்?"
விழுந்தவர்களுக்காகக் கத்துவதற்கு, என்றேன்.
அந்த விடைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'இதர' என்று எழுதிக்கொண்டார்.

கம்பியின் இரு முனைப் பெட்டிகளுக்கும்
கண்ணாடி இழையில் பேசக் கற்றுக்கொடுத்தோம்.
சத்தம் பெரிதா சிறிதா என்ற பேச்சே இல்லை இப்போது.
நான் அனுப்பியது உனக்கு வந்ததா?
வந்ததா?
வந்ததா?
வராவிட்டால் வழியில் யாரோ விழுந்திருக்கிறார்கள்.

அக்டோபரில் ஒரு புயல், மறுபடி அதே மலைச்சரிவு.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
எழுபத்தெட்டு மில்லி நொடி என்று
காலையில்தான் தெரிந்தது.

பிராண்டூர் தொலைபேசியில்:
"அடுப்புக் கடிகாரம் பூஜ்யம் பூஜ்யம் என்று மின்னுகிறது.
என்ன ஆயிற்று?"
உங்கள் வேலியருகே கம்பி விழுந்தது, என்றேன்.
விழும்போதே செத்துவிட்டது.
அவர் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது,
ரொம்ப நேரம்.

நவம்பரில் அந்தப் பழைய தாள் தபாலில் வந்தது,
கையெழுத்தோடு.
இழப்பு என்ற கட்டத்தில்
ஆட்டின் விலையை அடித்துவிட்டு
நீல மையில் எழுதியிருந்தார்:
பதினோரு நிமிடம்.

ஹேயினிடம் இன்னும் கொடுக்கவில்லை.