மாற்றம் எதுவும் அவதானிக்கப்படவில்லை

ஆய்வுகூட அலுமாரியில்
நாகம் என்று ஒட்டிய போத்தல் இருக்கிறது.
நாகம் இல்லை.
மூன்று வருடமாகக் கரும்பலகையில்தான்
குமிழி விட்டேன்,
வெண்கட்டியால் சின்னச் சின்ன வட்டமாய்.
பிள்ளைகள் பார்த்துக் கீறினார்கள்,
சிலர் கவராயம் வைத்து.

இன்று டிலக்சன்
சொப்பிங் பைக்குள் ஒரு சாம்பல் கட்டி கொண்டுவந்தான்.
சீனன்குடாப் பக்கம் படகு திருத்துகிற மாமா
சுக்கானிலிருந்து கழற்றியதாம்.
"உப்புத்தண்ணி முதல்ல இதத்தான் தின்னும், ரீச்சர்.
இது முடியுமட்டும் சுக்கானத் தொடாது."
பாதி தின்றிருந்தது.
கடல் பல் வைத்த இடமெல்லாம் பொருக்குப் பொருக்காய்.
அடுத்த மாதம் நான் நடத்தவிருந்த பாடம்
அவன் கையில் ஈரமாய் இருந்தது.

அமிலம் உவர்மலையில் ஒரு பற்றறிக் கடையில் வாங்கியது.
நீருக்குள் அமிலம், மெதுவாக.
மாறி ஊற்றினால் உங்கள் முகத்துக்குத்தான் வரும்
என்று சொல்லச் சொல்ல
முகவை சுடத் தொடங்கியது.
பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு.
பிள்ளைகள் முப்பத்தொருவர்.

மகனீசியம் மூன்று சென்ரிமீற்றர்தான் மிச்சம்.
பின்வாங்கு எழும்புமுன்னமே
சீறி முடிந்துவிட்டது.
நாகம் கொஞ்சம் யோசித்தது,
பிறகு வாய் மூடவேயில்லை.
ஆணியில் ஒன்று, இன்னும் ஒன்று,
எண்ணலாம்.
செப்புக்கம்பி சும்மா கிடந்தது.

குழாய் வாயைப் பெருவிரலால் பொத்து.
ஈர்க்கைக் கொளுத்து.
விரலை எடு.

பொப்!

வகுப்பு முழுக்கச் சிரிப்பு.
இன்னொருக்கா, இன்னொருக்கா.
வாசலில் வரவு இடாப்போடு நின்ற இராசநாயகம் மட்டும்
சுவரோடு ஒட்டிப்போனார்.
பிறகு இடாப்பில் இல்லாத தூசியைத் தட்டினார்.
நான் யன்னலைத் திறந்தேன்,
வாயு போகவேணும் என்று சொல்லி.

பஸ்மிலாவின் குழுவுக்குச் செப்பு.
கம்பியை எடுத்தாள், துடைத்தாள், திரும்பப் போட்டாள்.
"எங்கட குழாய் பழுது டீச்சர்,
ஒண்டும் நடக்கல்ல."
கண் கலங்கியிருந்தது.

நடக்கவில்லை என்று பார்த்தது யார்?
"நான்."
எவ்வளவு நேரம்?
"மணி அடிக்குமட்டும்."
அப்படியென்றால் அதை எழுது.

எழுதினாள்.
மாற்றம் எதுவும் அவதானிக்கப்படவில்லை.
நான் கேட்காமலே, கீழே:
இருபத்திரண்டு நிமிடம்.

மற்ற முப்பது கொப்பியிலும்
பாடப்புத்தகம் இருந்தது.

எல்லோரும் போனபின் டிலக்சன் நின்றான்.
மிச்சக் கட்டியை மாமாவிடம் கொடுக்கவேணும்,
நிறுத்து விற்பாராம்.
குழாயில் கரைந்த துண்டுக்கு
என்ன சொல்வது என்று கேட்டான்.

தாக்கம், என்றேன்.

அவன் பையைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:
"மாமாட்ட அப்பிடிச் சொல்லேலாது, ரீச்சர்."